மரமா, விரலா? பேஸ் கிதாரைச் சுற்றி எழுபது ஆண்டு வழக்கு

ஒரு கருவியின் ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினா பழையது. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தை வாசித்தவர்களுக்கு அது புதிதன்று. யாழ்ப் போட்டிக்கு வந்த சீவகன் தன்முன் நீட்டப்படும் யாழ்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து விலக்குகிறான். இதன் மரம் நீரில் கிடந்தது, இது இடி விழுந்தது, இது தீயில் வெந்தது என்று குற்றம் சொல்கிறான். நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே சிக்கியிருந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும். திருத்தக்க தேவர் படைத்த இந்த இளைஞன் இன்று பேஸ் கிதார்க் கலைஞர்கள் கூடிப் பேசும் இடத்துக்கு வந்தால் ஒருவரும் அவனை அயலானாகப் பார்க்கமாட்டார்கள். தங்களுள் ஒருவன் என்றே இருக்கை தருவார்கள்.

நான்கு தந்திகள், ஒரு மரப்பலகை, அதில் பொருத்திய ஒரு கழுத்து, தந்திகளுக்கு அடியில் காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும். பேஸ் கிதார் என்பது அவ்வளவே. எண்பதுகளின் இளையராஜா பாடல்களோடு வளர்ந்த நம் தலைமுறைக்கு இதன் பெயர் தெரியாவிட்டாலும் ஒலி தெரியும். பாடகர் ஒரு வழியில் போக, அடியில் இன்னொரு பாட்டாகத் தனியே நடந்து வருமே, அதுதான். இவ்வளவு எளிய கருவியைப் பற்றி அதை வாசிப்பவர்களிடையே ஓயாத சண்டை உண்டு. கனத்த மரமா லேசான மரமா, பழந்தந்தியா புதுத்தந்தியா, 1965க்கு முன் செய்ததா பின் செய்ததா என்று அது நீண்டுகொண்டே போகிறது. ஒருவர் திரட்சி என்பதை மற்றவர் மழுங்கல் என்கிறார். ஒருவர் தெளிவு என்பதை மற்றவர் கிறீச்சிடல் என்கிறார்.

ரசனை பலவிதம் என்று சொல்லி இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தள்ள மனமில்லை. ஒலி மரத்தில் இருக்கிறது என்றால் புகழ் கம்பெனிக்குப் போகிறது. விரலில் இருக்கிறது என்றால் வாசித்தவனுக்கு. இந்தக் கருவியின் வரலாற்றில் அந்தப் புகழ் சரியான முகவரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது கேட்கவேண்டிய கேள்வி.

லியோ ஃபெண்டர் கிதார் வாசிக்கத் தெரியாதவர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் 1938இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தவர். சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். கடைக்கு வந்துபோன இசைக்காரர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டே கருவி செய்யக் கற்றுக்கொண்டார். அக்காலத்தில் கீழ்ச்சுரங்களை ஏந்திய கருவி டபுள் பேஸ். அது ஆளுயரம் இருக்கும். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும் சிறு குழுக்களுக்கு அதைச் சுமப்பதே பெரும்பாடு. டிரம்ஸும் மின்கிதாரும் எழுப்பும் சத்தத்தில் அது கேட்பதும் இல்லை. வீணைக்காரர்கள் மெட்டு என்று சொல்லும் குறுக்குக்கம்பி அதில் கிடையாது. விரல் சற்றே பிசகினாலும் சுருதி போய்விடும்.

1951இன் இறுதியில் ஃபெண்டர் பட்டறையிலிருந்து பிரிசிஷன் பேஸ் வெளிவந்தது. டபுள் பேஸில் ஏறத்தாழ 42 அங்குலமாக இருந்த தந்தி நீளம் இதில் 34 அங்குலம். கழுத்தில் 20 மெட்டுகள். பிரிசிஷன் என்றால் துல்லியம். மெட்டு இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்பதே பெயரின் பொருள். முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சியாட்டிலில் பால் டுட்மார்க் என்பவர் 1930களின் நடுவிலேயே மெட்டு வைத்த மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். காலம் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஃபெண்டருடையதைக் கண்டுகொண்டது, ஆனால் முகச்சுளிப்போடு. லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் டபுள் பேஸ் வாசிக்க வந்த மாங்க் மாண்ட்கோமரி, இந்தப் பலகையைத்தான் வாசிக்கவேண்டும் என்றதும் தயங்கினார். பிறகு அதையே தம் கருவியாக ஆக்கிக்கொண்டார். ஜாஸ் உலகின் பெரும்பகுதிக்கு அத்தனை எளிதில் மனம் வரவில்லை.

அன்றைய பிரிசிஷன் பேஸை உற்றுப் பார்த்தால் அதைச் செய்தவரின் மனத்தில் இருந்த ஒலி எது என்று தெரிந்துவிடும். மெல்லிய தந்திக்குக் கீழே விரல்களை மடித்துப் பற்றிக்கொள்ள ஒரு சிறு கட்டை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் மீட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். தந்திகள் வந்து அமரும் குதிரையின் மேல் குரோமியம் பூசிய மூடி. அதன் உட்புறம் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு தந்திகளை அழுத்திக்கொண்டிருக்கும், ஒலி நீளாமல் சட்டென்று அடங்கவேண்டும் என்பதற்காக. டபுள் பேஸின் 'தும் தும்' என்ற நடையை ஒரு பலகையில் பெறுவதே நோக்கம். பின்வந்த வாசிப்பாளர் பலர் முதல் வேலையாக அந்த மூடியைக் கழற்றி எறிந்தார்கள். ஸ்பாஞ்சும் கூடவே போயிற்று. கட்டைவிரலுக்குப் பதிலாகச் சுட்டுவிரலும் நடுவிரலும் வந்தன. ஆக, இந்த வழக்கில் முதல் மறுப்புரை எழுத்தில் எழுதப்படவில்லை, திருப்புளியால் எழுதப்பட்டது.

1957இல் பிக்கப் இரண்டு துண்டாகப் பிரிந்து, மின் இரைச்சல் குறைந்தது. இன்று பிரிசிஷன் ஒலி என்று நாம் அறிவது அந்த மாற்றத்துக்குப் பின் வந்ததே. 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. அதன் கழுத்து மேற்புறத்தில் ஒல்லியானது, பிக்கப் இரண்டு. குதிரைக்கு அருகில் ஒன்று இருப்பதால் ஒலியில் ஒரு கூர்மையும் மூக்கொலியும் கலக்கும். அன்றிலிருந்து பிரிசிஷன் கட்சி, ஜாஸ் கட்சி என இரண்டு. சைவ வைணவ வாதம்போல நயமும் உண்டு, வசையும் உண்டு.

பிரிசிஷன் கட்சிக்காரர்கள் தங்கள் ஆதாரமாக முன்வைக்கும் ஒரே பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். தெற்குக் கரோலினாவில் 1936இல் பிறந்து, இளவயதில் டெட்ராய்ட் நகருக்கு வந்து, பள்ளியில் டபுள் பேஸ் பயின்றவர். மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் நிலவறை போன்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் அறுபதுகள் முழுவதும் வாசித்தார். அமெரிக்க வானொலிகளில் அந்தப் பத்தாண்டில் ஒலித்த மோட்டவுன் பாடல்களில் பெரும்பாலானவற்றின் அடியில் நடந்தது அவர் விரல். விரல் என்று ஒருமையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார்; அந்த விரலுக்குக் 'கொக்கி' என்றே பட்டப்பெயர்.

அவருடைய 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸை வேறொருவர் கையில் கொடுத்தால் வாசிக்கத் திணறுவார்கள் என்பார்கள். தந்திகள் கழுத்திலிருந்து அவ்வளவு உயரத்தில் இருந்தன. லா பெல்லா நிறுவனத்தின் தடித்த தந்திகள். அவை தட்டைச் சுற்று வகை. இதைச் சற்று விளக்கவேண்டும். பேஸ் தந்தி என்பது நடுவில் ஓர் எஃகுக் கம்பி, அதன்மேல் இன்னொரு கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டது. சுற்றும் கம்பி நாடாபோலத் தட்டையாக இருந்தால் மேற்பரப்பு வழவழப்பாகும். ஒலி வட்டமாக, அடக்கமாக எழும். உருண்டைக் கம்பியால் சுற்றினால் மேற்பரப்பு சொரசொரப்பாகும். ஒலியில் பியானோவின் பளபளப்பு வரும். ஜேமர்சன் தட்டைச் சுற்றுத் தந்திகளை மாட்டினார். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். விரலின் அழுக்கும் எண்ணெயும் ஏறிய தந்தியில்தான் சாரம் இருக்கிறது என்பது அவர் கட்சி. மற்றவர்கள் கழற்றி எறிந்த ஸ்பாஞ்சை அவர் கழற்றவில்லை.

ஆக, உயரத் தூக்கிய தந்தி, அழுக்கேறிய கம்பி, அடக்கும் ஸ்பாஞ்சு, ஒற்றை விரல். இசைக்கருவிக் கடையில் இந்நிலையில் ஒரு பேஸைத் தொங்கவிட்டால் பழுது என்று சொல்லி விலையைக் குறைத்துவிடுவார்கள். அதிலிருந்துதான் அந்தப் பாடல்கள் பிறந்தன. தந்தி நீண்டு ஒலிக்காததால் ஒவ்வொரு சுரமும் தனியே நிற்கிறது. எனவே அவர் எத்தனை சுரங்களை நெருக்கி அடுக்கினாலும் கலங்குவதில்லை. டபுள் பேஸில் பழகிய கைக்கு உயரத் தந்தி குறையாகத் தெரியவில்லை, ஊன்றிக்கொள்ள இடமாக இருந்தது. கருவியின் கட்டமைப்பும் கையின் பழக்கமும் ஒன்றையொன்று எப்படித் தேடிக்கொள்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறியேன்.

ஆனால் இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை. மோட்டவுன் தன் வாசிப்பாளர்களின் பெயரை அச்சிடும் வழக்கம் வைத்திருக்கவில்லை. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பு 1971இல் வந்தபோதுதான் ஒப்பற்றவர் என்ற அடைமொழியோடு அவர் பெயர் அச்சேறியது. அதற்குள் பொற்காலம் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. அவரும் பின்னால் போனார். அந்த ஊரின் புதிய பாணி அவர் ஒலியை விரும்பவில்லை. உருண்டைச் சுற்றுத் தந்தி போடுங்கள், இன்னும் பளிச்சென்று வேண்டும் என்று கேட்கும் காலம் வந்துவிட்டிருந்தது. 1983இல் மோட்டவுனின் வெள்ளிவிழா நிகழ்ச்சி நடந்தபோது அவர் சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளராகப் போய் உட்கார்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், 47 வயதில் இறந்தார்.

அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க இங்கிலாந்துக்குப் போகவேண்டும். 'தி ஹூ' குழுவின் ஜான் எண்ட்விசிலுக்குப் பின்னணியில் நிற்பதில் விருப்பம் இல்லை. 1966 வாக்கில் ரோட்டோசவுண்ட் என்ற தந்தி உற்பத்தியாளரிடம் போய், தமக்கு ஏற்ற உருண்டைச் சுற்றுத் தந்தியை உருவாக்குவதில் பங்கேற்றார். 'யெஸ்' குழுவின் கிறிஸ் ஸ்குவயர் ரிக்கன்பேக்கர் பேஸை எடுத்துக்கொண்டார். அதில் கழுத்து தனியே திருகப்படுவதில்லை. உடலின் நடுவே ஒரே மரமாக ஓடுகிறது. அவர் விரலால் மீட்டாமல் பிக் வைத்து மீட்டினார். கேட்பவர்களுக்கு அது பேஸா, கிதாரா என்று ஐயம் வந்தது. ஐயம் வரவேண்டும் என்பதுதான் நோக்கமும். பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹாஃப்னர் பேஸோ வயலின் வடிவம், உள்ளே கூடு, எடை மிகக் குறைவு, விலையும் 30 பவுண்டுதான். இரு பக்கமும் ஒத்த வடிவமாக இருந்ததால் இடக்கைக்காரரான தம் கையில் அது விகாரமாகத் தெரியாது என்பதும் அவர் அதை எடுத்ததற்கு ஒரு காரணம். ஒலித் தத்துவங்களை அடுக்குகிறவர்கள் இந்தக் காரணத்தை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

ஜாஸ் கட்சியின் ஆதாரப் பெயர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். பிரிசிஷன் பேஸ் பிறந்த அதே 1951இல் பிறந்தவர். புளோரிடாவின் கடற்கரை ஊரில் வளர்ந்தார். அவரும் டபுள் பேஸ் வாங்கினார். ஈரக்காற்றில் அது விரிந்து பிளந்துபோயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு 1962ஆம் ஆண்டின் ஜாஸ் பேஸ் ஒன்று கைக்கு வந்தது. அதில் மெட்டுகள் இல்லை. தாமே பிடுங்கினார் என்று ஒரு சமயமும், வாங்கும்போதே இல்லை என்று இன்னொரு சமயமும் கூறினார். எப்படியானாலும், மெட்டு இருந்த பள்ளங்களை நிரப்பி, விரற்பலகையின்மேல் படகுகளுக்குப் பூசும் எபாக்சியை அடுக்கடுக்காகப் பூசினார். மெட்டில்லாத மரத்தின்மேல் சொரசொரப்பான உருண்டைச் சுற்றுத் தந்தி உரசினால் மரம் தேய்ந்துவிடும்; அதற்காக இந்தக் கவசம்.

மெட்டில்லாத பேஸ் அவர் கண்டுபிடிப்பு அன்று. ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமன் 1961லேயே மலிவான பேஸ் ஒன்றின் மெட்டுகளைப் பிடுங்கியிருந்தார். ஆம்பெக் நிறுவனம் 1966இல் மெட்டில்லாத பேஸை விற்பனைக்கே கொண்டுவந்தது. ஆனால் 1976இல் ஜாக்கோவின் முதல் தொகுப்பு வெளிவந்தபோது கேட்டவர்கள் அதற்கு முன் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. நம் செவிக்கு அதன் மர்மம் எளிதில் பிடிபடும். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும் கமகம் மெட்டில்லாத தந்தியில் இயல்பாக வருகிறது. கோட்டு வாத்தியம் கேட்டவருக்கு அந்த நெளிவு அந்நியமாக இராது. எபாக்சியின் கடினம் ஒலியை நீட்டியது. குதிரைக்கு அருகிலிருந்த பிக்கப்பையே அவர் பெரிதும் நம்பினார். விரல்களும் அதன் பக்கமே நின்றன. தந்தி அங்கே விறைப்பாக இருக்கும்; ஒலி ஒல்லியாகவும் கூர்மையாகவும் எழும். அந்தக் கூர்மையைத் தம் விரலின் வலுவால் தடிமனாக்கினார்.

துல்லியத்துக்காக ஃபெண்டர் வைத்த மெட்டை ஒருவர் பிடுங்கினார். பளபளப்புக்காகக் காலம் எறிந்த ஸ்பாஞ்சை இன்னொருவர் விடாமல் வைத்துக்கொண்டார். இருவருடைய பேஸும் ஒரே பட்டறையில், ஒரே ஆண்டில் செய்யப்பட்டவை. பேஸ் என்றால் இப்படித்தான் ஒலிக்கவேண்டும் என்று இருவர் பெயராலும் ஆணையிடுபவர்கள் இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜேமர்சனும் ஜாக்கோவும் வாசித்த 1962 என்ற அந்த ஆண்டே பின்னர் ஒரு மதமாயிற்று. ஃபெண்டர் கம்பெனியை 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் செய்தது தங்கம், பின் செய்தது தகரம் என்பது வாசிப்பாளர்களிடையே வேதவாக்கு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. எழுபதுகளின் கருவிகளில் மெருகுப்பூச்சு தடித்தது, மரம் பலவற்றில் கனத்தது. ஜாஸ் பேஸின் கழுத்தை உடலோடு பிணைக்கும் நான்கு திருகுகள் மூன்றாயின. கழுத்து அசைகிறது என்ற புகார் எழுந்தது. குதிரைப் பக்கத்துப் பிக்கப்பை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளிவைத்தார்கள்.

அந்தத் தகரக் காலத்தின் 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ்தான் மார்கஸ் மில்லருடையது. கனமான உடல், மேப்பிள் கழுத்து, தள்ளிவைத்த பிக்கப். நியூயார்க்கின் ரோஜர் சடோவ்ஸ்கி அதற்குள் ஒரு சிறு மின்சுற்றைப் பொருத்திக் கொடுத்தார். கட்டைவிரலால் தந்தியை அடித்து, சுட்டுவிரலால் சுண்டி மில்லர் எழுப்பிய ஒலி எண்பதுகளின் அடையாளங்களுள் ஒன்று. மைல்ஸ் டேவிஸின் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பான 'டூட்டூ'வை அறிந்தவர்கள் மில்லரையும் அறிவார்கள். 'ரஷ்' குழுவின் கெடி லீ மிச்சிகனின் கலமசூ நகரில் ஓர் அடகுக்கடையில் 200 டாலருக்கு வாங்கியது 1972ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ். 1998இல் ஃபெண்டர் நிறுவனம் இவ்விருவர் பெயரிலும் அந்த எழுபதுகளின் கருவிகளை நகல் செய்து விற்றது. தள்ளிவைத்த பிக்கப்பின் அந்த வறண்ட ஒலிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் ஒரு பரம்பரையாகவே வளர்ந்திருந்தார்கள். குற்றம் என்று எழுதிவைத்த பட்டியலிலிருந்தே ஒரு பகுதி குணம் என்னும் பட்டியலுக்கு இடம் மாறியது.

மரத்துக்கு வருவோம். சீவகன் கட்சியை முற்றிலும் தள்ளிவிட முடியாது. வீணையில் குடம் அதிர்ந்து ஒலியைக் காற்றுக்குத் தருகிறது. பேஸ் கிதாரில் அந்த வேலை மரத்துக்கு இல்லை. எஃகுத் தந்தியின் அசைவைக் காந்தமும் சுருளும் மின்சாரமாக்குகின்றன. எனவே பிக்கப் தந்தியின் எவ்விடத்தில் இருக்கிறது, தந்தி எத்தகையது, விரல் எங்கே தொடுகிறது என்பவையே ஒலியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆனால் மரம் தன் பங்கை வேறு விதத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஃபெண்டர் பேஸ்கள் பலவற்றில் மெல்லிய தந்தியின் ஐந்து முதல் ஏழாம் மெட்டுப் பகுதியில் ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துவிடும். மரக்கழுத்து அந்தச் சுரத்தின் அதிர்வுக்கு இசைந்து தானும் ஆடி, தந்தியின் ஆற்றலைத் தின்றுவிடுவதே காரணம். கழுத்தின் தலையில் சிறிது எடையைக் கட்டினால் செத்த இடம் நகர்ந்துவிடும். மரம் ஒலிக்குக் கொடுப்பதைவிட ஒலியிலிருந்து எடுத்துக்கொள்வதே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்தச் செத்த இடத்தை ஒழிக்க வந்தவர் நெட் ஸ்டைன்பெர்கர் என்னும் மரச்சாமான் வடிவமைப்பாளர். 1980 வாக்கில் மரமே இல்லாத பேஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். கார்பன் இழையும் பிசினும்தான். தலையும் கிடையாது, உடலும் ஒரு சிறு பெட்டி அளவே. எல்லாச் சுரங்களும் ஒரே சீராக ஒலித்தன. கெடி லீ உட்படப் பலர் எண்பதுகளில் அதற்கு மாறினார்கள். வேறு பலருக்கு அந்தச் சீர்மையே ஒவ்வாமையாயிற்று. உயிர் இல்லை என்றார்கள். உயிர் என்று அவர்கள் சொன்னது எதை? ஒரு சுரம் தடித்தும் ஒரு சுரம் மெலிந்தும் வரும் அந்த ஒழுங்கின்மையைத்தான் என்று நினைக்கிறேன். கெடி லீயும் பின்னர் மரத்துக்கே திரும்பினார்.

மரத்தைப் பற்றிய இந்த வழக்கில் நம் மலைகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1959 முதல் ஃபெண்டர் பேஸ்களின் விரற்பலகை பிரேசில் நாட்டு ரோஸ்வுட். அறுபதுகளின் நடுவில் அது கிடைப்பது அரிதாகவே இந்திய ரோஸ்வுட் வந்தது. அது வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்; தோதகத்தி என்றும் சொல்வோம். பிரேசில் மரம் இனிமை, இந்திய மரம் அடுத்தபடி என்று தரம் பிரித்தவர்கள் இருந்தார்கள். 1994இல் தமிழக அரசு ஈட்டி மரங்களைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. 2017இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு எல்லா ரோஸ்வுட் இனங்களுக்கும் விரிந்தபோது ஃபெண்டர் நிறுவனம் மெக்சிகோவில் செய்த கருவிகள் பலவற்றுக்குத் தென்னமெரிக்காவின் பாவ் ஃபெரோ மரத்துக்கு மாறியது. உடனே, அந்த இந்திய ஈட்டிதான் இனிமை, இப்புதிய மரம் வெளிறியது என்று குரல்கள் எழுந்தன. 2019 இறுதியில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அறுபது ஆண்டுகளில் ஈட்டி மரம் இரண்டாந்தரத்திலிருந்து முதல்தரத்துக்கு உயர்ந்துவிட்டது, இத்தனைக்கும் மரம் மாறவில்லை.

விரல் கட்சிக்காரர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாம் விரலில் இருக்கிறது என்று அவர்கள் முழங்கும்போது வாசித்தவனின் கை தெரிகிறது. செய்தவரின் கை மறைந்துவிடுகிறது. ஃபுல்லர்ட்டன் பட்டறையில் ஐம்பதுகளில் கழுத்துகளைச் செதுக்கிய டாடியோ கோமஸ் தம் பெயரின் முதலெழுத்துகளை மரத்தின் மறைவான இடத்தில் பென்சிலால் எழுதிவைத்தார். உடலிலிருந்து கழுத்தைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகெய்ல் யபாரா 2013இல் ஓய்வுபெறும் வரை காந்தங்களில் செப்புக்கம்பி சுற்றினார். கைவிரலால் கம்பியை நடத்திச் சுற்றும்போது சுற்றுகள் சற்றே சிதறும். அந்தச் சிதறலில்தான் பழைய பிக்கப்பின் இனிமை இருக்கிறது என்று பின்னாளில் கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள். அதனால் அவர் முதலெழுத்திட்ட பிக்கப்புகளைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். மரத்தின் மந்திரம், காலத்தின் மந்திரம் என்று விற்பனைத்தாள்கள் வருணிப்பதில் ஒரு பகுதி இந்த மெக்சிகோ வழி அமெரிக்கத் தொழிலாளர்களின் கைப்பழக்கம். மரமா விரலா என்று கேட்கும்போது, எந்த விரல் என்றும் கேட்கலாம்.

காணாமற்போன கருவிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் 1972இல் லண்டனில் ஒரு வண்டியிலிருந்து திருடுபோயிற்று. நெடுந்தேடலுக்குப் பின் அது அவரிடம் திரும்பி வந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று. ஜாக்கோவின் பேஸ் 1986இல் நியூயார்க்கின் பூங்கா ஒன்றில் களவுபோனது. மறு ஆண்டு ஒரு கேளிக்கை விடுதியின் வாசலில் அடிபட்டு, 35 வயதில் அவர் இறந்தார். அந்த பேஸ் இருபது ஆண்டு கழித்து வெளிப்பட்டு, மெட்டாலிக்கா குழுவின் ராபர்ட் ட்ருஹியோவின் உதவியால் 2010இல் மீட்கப்பட்டது. அது முன்பே ஒருமுறை துண்டுதுண்டாக உடைந்து ஒட்டப்பட்ட கருவி. மரத்தில்தான் ஒலி என்பவர்கள் அந்த ஒட்டுக்களை எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

ஜேமர்சனின் 1962 பிரிசிஷன் பேஸ், அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு திருடுபோனது. அவர் பாடல்களின் வரலாற்றைச் சொல்லும் 'ஸ்டாண்டிங் இன் தி ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்' என்ற நூல் 1989இலும், அதே பெயரில் திரைப்படம் 2002இலும் வந்தன. 2000இல் ராக் இசைப் பெருமன்றம் அவரைத் தன் பட்டியலில் சேர்த்தது. லா பெல்லா நிறுவனம் அவர் பயன்படுத்திய அதே தடிமனில் தந்திகளை அவர் பெயரிட்டே விற்கிறது. அந்தப் பெயர் மோட்டவுனின் அறுபதுகளின் உறைகளில் இல்லாத பெயர். பேஸ் மட்டும் கிடைத்தபாடில்லை. சன்பர்ஸ்ட் நிறம். கழுத்தின் அடிப்பகுதியில், ஃபங்க் என்ற சொல்லை ஆங்கிலத்தின் நான்கு எழுத்துகளில் அவரே மையால் கீறி வைத்திருக்கிறார்.